தடிமனைப் பார்க்காதீர்கள், தடுக்கி விழுந்த பக்கத்தைத் திறந்து பாருங்கள்

வியாசர்பாடியிலிருந்து 23 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

தமிழ் வழியில் படித்து பி.காம். முடித்தவர். பகலில் பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். இரவு ஒன்பதரை மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் பன்னிரண்டு வரை அனிமேஷன் பயிற்சி. திருவல்லிக்கேணி நடைபாதையில் 350 ரூபாய்க்கு வாங்கிய, மாயா என்ற 3டி அனிமேஷன் மென்பொருளைப் பற்றிய ஒரு புத்தகம்தான் அவருக்கு ஆசான். 2012 வெர்ஷனுக்கு எழுதப்பட்டது, 912 பக்கம், ஆங்கிலம். நான்கு மாதத்தில் 210 பக்கம் முடித்திருக்கிறார். நண்பர் போட்டுக்கொடுத்த மாயாவோ புது வெர்ஷன், அதுவும் கிராக், அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்த பிரதி. புத்தகம் சொல்லும் மெனு திரையில் இல்லை. "ஸ்கின் மெனுவை இரண்டு ராத்திரி தேடினேன்" என்கிறார். துள்ளும் பந்துப் பாடத்தின் 27 படிகளையும் அப்படியே செய்தபோது பந்து அழகாகத் துள்ளியது. அடுத்த நாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொந்தமாகச் செய்தபோது பலூன் மாதிரி மிதந்தது. எத்தனை முறை செய்தும் அதே கதை.

அம்மா சீட்டு எடுத்த பணத்தில் 5,000 ரூபாய் தந்திருக்கிறார். புதிதாக வந்த பெரிய புத்தகம் ஒன்றை வாங்கலாமா? வடபழனியில் ஒரு பயிற்சி நிறுவனம், வகுப்பில் சேர்ந்தால் 'கோர்ஸ் மெட்டீரியல்' 7,500 ரூபாய்க்குக் கட்டாயம் வாங்க வேண்டும் என்கிறது, அது தேறுமா? புத்தகமே வேண்டாம், யூடியூப் போதும் என்கிறார் நண்பர், அது சரியா? கடைசியாக ஒரு வரி: "எனக்கு இதற்கான மூளை இல்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது, அண்ணா."

தம்பி, அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். பகல் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு, இரவில் அந்நிய மொழியில் இருக்கும் ஒரு தொழில்நுட்பப் புத்தகத்தை 210 பக்கம் படித்தவருக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். அதில் உங்கள் தவறு என்று ஒன்றுதான் இருக்கிறது: புத்தகம் விட்ட குறையையும் உங்கள் குறையாக எழுதிக்கொண்டீர்கள். பதினேழு வருடமாக ரிக்கிங்கும் (உருவத்துக்குள் எலும்பு போட்டு அசைக்கத் தயாராக்கும் வேலை) அனிமேஷனும் செய்து, நடுநடுவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். நன்றாக வரக்கூடிய பிள்ளைகள் பலர் இதே இடத்தில்தான் மனம் உடைந்து நின்றிருக்கிறார்கள்.

முதலில் அந்தப் பந்து

பந்து ஏன் மிதந்தது என்று பார்த்துவிட்டால், புத்தகத்தை எப்படி எடைபோடுவது என்பதும் பாதி விளங்கிவிடும்.

மேலே இருக்கும்போது ஒரு கீ (இந்த ஃப்ரேமில் பந்து இங்கே என்று குறித்துவைப்பது), தரையில் ஒரு கீ, மறுபடி மேலே ஒரு கீ போட்டிருப்பீர்கள். கீ எல்லாம் சரியான ஃப்ரேமில்தான் இருக்கும். தவறு இரண்டு கீக்கு நடுவே இருக்கிறது. மாயா தானாகப் போடும் வளைவு, மேடு பள்ளம் வரும் இடங்களில் கோட்டைத் தட்டையாக்கிவிடும். மேலே அது சரி; தூக்கிப் போட்ட பந்து உச்சியில் ஒரு கணம் தயங்கித்தான் திரும்பும். தரையில் அது தப்பு. விழும் பந்து தரையைத் தொடும் நொடியில்தான் மிக வேகமாக இருக்க வேண்டும். அங்கேயும் கோடு தட்டையாக இருந்தால் பந்து பிரேக் போட்டு மெதுவாக இறங்கி, மெதுவாகக் கிளம்பும். நீங்கள் பார்த்த பலூன் அதுதான். அசைவைக் கோடாக வரைந்து காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, கோட்டின் சரிவை மாற்றத் தரைக் கீயின் இரண்டு பக்கமும் நீட்டியிருக்கும் கைப்பிடிகளைத் தனித்தனியாக அசையும்படி உடைத்து, கோடு அந்த இடத்தில் கூர்மையாக 'V' போல வரும்படி இழுத்துவிடுங்கள். பந்துக்கு எடை வந்துவிடும்.

இப்போது உங்கள் புத்தகத்தின் அந்த 27 படிகளையும் மறுபடி பாருங்கள். எங்காவது ஒரு படியில் "இந்தக் கீக்களைத் தேர்ந்தெடுத்து இந்தப் பொத்தானை அழுத்துக" என்று இருக்கும். அதுதான் கைப்பிடியை உடைக்கும் படி. நீங்களும் அழுத்தியிருப்பீர்கள், பந்தும் துள்ளியிருக்கும். ஏன் அழுத்தினோம் என்று புத்தகம் சொல்லவில்லை. அதனால் மறுநாள் சொந்தமாகச் செய்யும்போது அந்தப் படி உங்கள் நினைவிலேயே இல்லை. சமையல் குறிப்பில் "ஒரு சிட்டிகை பெருங்காயம்" என்று மட்டும் போட்டு, அது எதற்கு என்று சொல்லாமல் விட்டால், பெருங்காயம் தீர்ந்த நாளில் குழம்பு ஏன் மாறிப்போனது என்று தெரியாதல்லவா, அது போலத்தான்.

ஆக, ஒரு புத்தகத்தை நான் எடைபோடும் முறை இது. எல்லாம் சரியாக நடக்கும்போது அது என்ன சொல்கிறது என்று பார்ப்பதில்லை. தப்பாகப் போகும்போது என்ன சொல்கிறது என்று பார்ப்பேன்.

கடையிலோ நூலகத்திலோ புத்தகத்தைக் கையில் எடுத்ததும்

முதல் அத்தியாயத்தைப் படிக்காதீர்கள். முதல் அத்தியாயம் எல்லாப் புத்தகத்திலும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் ஏற்கெனவே விழுந்து அடிபட்ட இடம் எதுவோ அந்தப் பக்கத்தைத் திறங்கள். உங்களுக்கு அது கிராஃப் எடிட்டர். பின்னால் இருக்கும் சொல்லடைவில் 'டாஞ்சென்ட்' (அந்தக் கைப்பிடியின் பெயர் அதுதான்) என்று தேடி அங்கே போங்கள். கைப்பிடி தட்டையாக இருந்தால் பந்து எப்படிப் போகும், உடைத்தால் எப்படிப் போகும் என்று இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், எழுதியவர் மாணவர்களோடு உட்கார்ந்து பழகியவர். வெறுமனே "இதைக் கிளிக் செய்க, பிறகு இதைக் கிளிக் செய்க" என்று மட்டும் போனால், மென்பொருளோடு வரும் உதவிக் குறிப்பைத்தான் காசு கொடுத்து வாங்கப்போகிறீர்கள். சொல்லடைவே இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். சிக்கலான மென்பொருளுக்கான புத்தகத்தில் திரும்பத் திரும்பத் தேடிப் படிப்பதுதான் முக்கால்வாசி.

அடுத்தது அச்சு. இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, ஆனால் இந்தத் துறையில் ரொம்ப முக்கியம். கிராஃப் எடிட்டரில் எக்ஸ் சிவப்பு, ஒய் பச்சை, இசட் நீலம். மலிவுப் பதிப்பைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் மூன்று கோடும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்; எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே தெரியாது. ப்ளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளின் வெயிட் பெயின்ட் (எந்த எலும்பு உடலின் எந்தப் பகுதியை இழுக்கும் என்று நிறத்தால் காட்டுவது) இன்னும் மோசம். நீலம் என்றால் அந்த எலும்புக்குப் பிடிப்பு இல்லை, சிவப்பு என்றால் முழுப் பிடிப்பு. கறுப்பு வெள்ளைத் தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். அந்த அத்தியாயமே வீண்.

பிறகு, பயிற்சிக் கோப்புகள். அந்தக் காலப் புத்தகங்கள் பின் அட்டையில் சி.டி. ஒட்டி வந்தன. நடைபாதைக்கு வரும்போது சி.டி. இருக்காது, உறை மட்டும் இருக்கும். நான் 2006இல் மூர் மார்க்கெட்டில் அப்படி ஒரு ரிக்கிங் புத்தகம் வாங்கினேன். "சி.டி.யில் உள்ள கால் ரிக்கைத் திறக்கவும்" என்று ஆறாவது அத்தியாயம் தொடங்கியது. இல்லாத கோப்பை எங்கே திறப்பது? படத்தைப் பார்த்துப் பார்த்து நானே எலும்பு போட்டுக் கட்டினேன். காலைத் தூக்கினால் முழங்கால் பின்பக்கம் திரும்பிக்கொண்டது. இரண்டு வாரம். முழங்கால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லும் போல் வெக்டரைக் காலுக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பது கோப்பில் இருந்தது, பக்கத்தில் இல்லை. இன்றைக்குப் புத்தகம் வாங்குவதற்கு முன் கோப்புகள் எங்கே கிடைக்கும் என்று முன்னுரையில் பார்த்து, அந்த முகவரி இப்போதும் திறக்கிறதா என்று கைப்பேசியிலேயே சோதித்துவிடுங்கள்.

தடிமனைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். 912 பக்கத்தில் அனிமேஷனுக்கு இரண்டே அத்தியாயம், 74 பக்கம். மீதியெல்லாம் மாடலிங், டெக்ஸ்சர், லைட்டிங், துணி, தண்ணீர், புகை. ஒரு ஸ்டுடியோவில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி ஆட்களின் வேலை. எல்லாவற்றையும் தொட்டுக்காட்டும் புத்தகம், எதில் இறங்கலாம் என்று தெரியாதவருக்கு நல்லது. உங்களுக்கோ அனிமேஷன்தான் என்று தெரிந்துவிட்டது. அதை மட்டும் 300 பக்கத்தில் ஆழமாகச் சொல்லும் மெல்லிய புத்தகம் உங்களுக்கு நாலு மடங்கு பயன்படும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முடித்தால்தான் படித்ததாகும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். பள்ளிக்கூடம் நமக்குள் போட்ட பழக்கம் அது.

தமிழிலும் மென்பொருள் புத்தகங்கள் உண்டு. அவற்றையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். கூடுதலாக ஒன்று பாருங்கள்: மெனுவின் பெயரையே தமிழாக்கியிருக்கிறார்களா? அப்படியானால் திரையில் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பீர்கள். விளக்கம் தமிழில், பொத்தானின் பெயர் திரையில் உள்ளபடியே, இப்படி இருந்தால் வாங்கலாம். நீங்களும் ஒரு நோட்டுப் போட்டு அதே மாதிரி எழுதிவாருங்கள். "தரைக் கீ, டாஞ்சென்ட் உடை, இல்லாவிட்டால் மிதக்கும்" என்று உங்கள் கையால் எழுதிய ஒரு வரி, அந்த 27 படியைவிட அதிக நாள் நிற்கும்.

பழைய வெர்ஷன் என்றால் எவ்வளவு பழசு

புது வெர்ஷன் புத்தகம்தான் வேண்டும் என்று நினைக்கிறீர்கள். பாதி சரி.

மென்பொருளில் சில பகுதிகள் சீக்கிரம் கெட்டுவிடும், சில கெடவே கெடாது. நீங்கள் இரண்டு ராத்திரி தேடிய ஸ்கின் மெனு 2012இல் அனிமேஷன் தொகுப்புக்குள் இருந்தது. 2016 வெர்ஷனில் மெனுக்களை மாற்றி அடுக்கியபோது ரிக்கிங் என்று தனித் தொகுப்பு வந்து, அது அங்கே போய்விட்டது. உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. ரெண்டரிங் (செய்த காட்சியைப் படமாக்கி எடுப்பது) அத்தியாயங்களை அப்படியே கிழித்துப் போட்டுவிடலாம். அவை மென்டல் ரே என்ற பழைய ரெண்டர் எஞ்சினைப் பற்றியவை, 2017 வெர்ஷனிலிருந்து மாயாவோடு வருவது ஆர்னால்ட். ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லும் பக்கங்களும் அப்படித்தான். 2022இல் மாயா பைத்தான் 3க்குப் போய்விட்டது, பழைய நிரல் பல இடங்களில் உதைக்கும்.

ஆனால் கீ, கிராஃப் எடிட்டர், எலும்பு, ஐகே எஃப்கே (எலும்புத் தொடரை நுனியிலிருந்தோ அடியிலிருந்தோ அசைக்கும் இரண்டு முறைகள்) பற்றிய விளக்கம் 2012 புத்தகத்தில் நன்றாக இருந்தால் இன்றைக்கும் நன்றாகவே இருக்கும். அதைவிட ஆழமாக, அசைவைப் பற்றிய அறிவுக்கு வயதே கிடையாது. டிஸ்னியின் மூத்த அனிமேட்டர்கள் இருவர் 1981இல் எழுதிவைத்த பன்னிரண்டு கொள்கைகள் பென்சிலும் தாளும் வைத்து வேலை செய்தவர்களுடையவை. உங்கள் பந்து மிதந்ததற்கான மருந்து அங்கேயே இருக்கிறது: எங்கே மெதுவாக வேண்டும், எங்கே கூடாது என்பது. அதனால் உங்களுக்குத் தேவை இரண்டு வகைப் புத்தகம். ஒன்று அசைவைப் பற்றியது, எந்த மென்பொருளின் பெயரும் இல்லாதது. எவ்வளவு பழசாக இருந்தாலும் பரவாயில்லை. இன்னொன்று மென்பொருளைப் பற்றியது. மூன்று நான்கு வருடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யூடியூப் போதுமா

உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓடும் காலைத் தாளில் ஓடவைக்க முடியாது. நேரக் கணக்கை வீடியோவில் பார்த்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். இதில் புத்தகம் தோற்றுத்தான் போகும். ஆனால் வீடியோவில் சொதப்பல்களை வெட்டிவிடுகிறார்கள். ஆசிரியர் அரை மணி நேரம் தடுமாறியது உங்களுக்குத் தெரியாது, அவர் கை மட்டும் வேகமாக ஓடுவது தெரியும். பிறகு நமக்கு வரவில்லை என்றால் நம்மையே குறை சொல்லிக்கொள்வோம். ஒரு நல்ல பக்கத்தில் பத்து நிமிடம் நின்று யோசிக்கலாம். அசைவை வீடியோவில் பாருங்கள், காரணத்தைப் புத்தகத்தில் தேடுங்கள்.

அந்த கிராக் மாயா

இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அது சட்டப்படி தவறு என்பது உங்களுக்கே தெரியும். தெரியாத இன்னொன்று: மாயா கோப்புகள் வழியாகவே ஒட்டிக்கொண்டு பரவும் கெட்ட ஸ்கிரிப்ட்கள் இருக்கின்றன. எங்கிருந்தோ இறக்கிய மென்பொருள், எங்கிருந்தோ இறக்கிய ரிக், இரண்டும் சேர்ந்தால் உங்கள் பயிற்சி முழுவதும் ஒரே இரவில் போகலாம். டெலிகிராமில் சுற்றும் புத்தகப் பி.டி.எஃப்.களும் திருட்டுப் பிரதிகள்தான். பக்கம் விடுபட்டிருக்கும், படம் மங்கியிருக்கும், அதை நம்பி ராத்திரிகளைச் செலவழிக்காதீர்கள்.

மாயாவைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு அதை ஒரு வருடத்துக்கு இலவசமாகத் தருகிறது, ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனத்தில் இப்போது படித்துக்கொண்டிருக்க வேண்டும், உங்கள் பி.காம். முடிந்துவிட்டது. எனவே இப்போதைக்கு ப்ளெண்டருக்கு மாறுங்கள் என்பது என் தெளிவான ஆலோசனை. சென்னையில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோக்களில் மாயாதான் ஓடுகிறது, அது உண்மை. ஆனால் வேலைக்கு எடுக்கும்போது நாங்கள் பார்ப்பது ஷோரீலில் (செய்த வேலைகளின் மாதிரி வீடியோவில்) பந்துக்கு எடை இருக்கிறதா, நடக்கும் உருவம் தரையில் வழுக்குகிறதா என்பதைத்தான். அசைவு தெரிந்தவருக்கு மாயாவின் பொத்தான்களைச் சில வாரத்தில் பழக்கிவிடுவோம். ப்ளெண்டர் விளையாட்டுச் சாமான் என்ற பேச்சும் காதில் விழுந்திருக்கும். 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பெற்ற லாத்வியப் படம் 'ஃப்ளோ' ப்ளெண்டரில் செய்யப்பட்டது.

ப்ளெண்டர் புத்தகம் தேடும்போது ஒரே ஒரு எண்ணை நினைவில் வையுங்கள்: 2.8. அந்த வெர்ஷன் 2019 ஜூலையில் வந்தபோது முகமே மாறிவிட்டது. முன்பு வலது கிளிக்கில் தேர்ந்தெடுத்தோம், இப்போது இடது. லேயர் போய் கலெக்‌ஷன் வந்தது. பழைய ரெண்டர் எஞ்சினையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்திய புத்தகம் இலவசமாகக் கிடைத்தாலும் தொடக்கத்தில் வேண்டாம். ரிக்கிங் பகுதிக்கு மட்டும் 4.0க்குப் பிந்தியது நல்லது; எலும்புகளை அடுக்கும் முறை அதில்தான் மாறியது. அதிகாரப்பூர்வக் கையேடு இணையத்தில் இலவசம். அது அகராதி மாதிரி. பாடப்புத்தகமாகப் படிக்க முடியாது, சந்தேகம் தீர்க்க அதைவிட நம்பகமானது கிடையாது. பந்து ப்ளெண்டரிலும் இதே காரணத்தால்தான் மிதக்கும். கிராஃப் எடிட்டரில் தரைக் கீயைத் தேர்ந்து 'V' விசையைத் தட்டினால் கைப்பிடி வகைகள் வரும், அதில் 'ஃப்ரீ' எடுத்து இரண்டு பக்கமும் சரிவாக இழுத்துவிடுங்கள்.

7,500 ரூபாய் மெட்டீரியல்

பணம் கட்டுவதற்கு முன் அந்தப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். காட்ட மாட்டோம், சேர்ந்த பிறகுதான் என்றால் அதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. சேருவது என்று முடிவு செய்தால், வகுப்புக் கட்டணம் தனி, புத்தகம் தனி என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். இடையில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும், வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம், ஆனால் கையில் காகிதம் இருந்தால்தான் அங்கே உங்கள் பேச்சு எடுபடும். என்னைக் கேட்டால், இந்த நிலையில் அந்த மெட்டீரியல் உங்களுக்கு வேண்டாம்.

5,000 ரூபாயை என்ன செய்வது

இந்த மாதம் புத்தகத்துக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். கணினிப் பகுதியில் அனிமேஷன் என்று இருப்பதையெல்லாம் மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் அந்த ஒரே பக்கத்தை, கிராஃப் எடிட்டர் பக்கத்தை மட்டும், படியுங்கள். ஐந்து புத்தகத்தில் ஒரே விஷயத்தைப் படிக்கும்போது யார் சொல்லித்தருகிறார், யார் ஒப்பிக்கிறார் என்பது உங்களுக்கே பளிச்சென்று தெரிந்துவிடும். எழும்பூர் கன்னிமாராவிலும் ஒரு நடை பாருங்கள். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. புத்தகக் காட்சி வரும்போது, பிடித்த ஒரே ஒரு புத்தகத்தைத் தள்ளுபடியில் வாங்கலாம். அசைவைப் பற்றிய புத்தகமாக அது இருக்கட்டும், ஏனென்றால் அதைப் பத்து வருடம் கழித்தும் திறப்பீர்கள்.

உங்கள் லேப்டாப் 8 ஜிபி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பந்து, ஒரு எளிய உருவம் என்றால் ப்ளெண்டர் அதில் ஓடும். துணியும் முடியும் போட்டால் திணறும். அடிமூடியைக் கழற்றி ரேம் போடக் காலி இடம் இருக்கிறதா என்று ரிச்சி தெருவில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அம்மா தந்த பணத்தில் முதல் செலவு அதுதான். நடு உருளையை அழுத்தினால் பொத்தானாக வேலை செய்யும் மவுஸ் உங்களிடம் இல்லாவிட்டால் அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். டச்பேடை வைத்துக்கொண்டு 3டி காட்சியைச் சுற்றிப் பார்ப்பது மணிக்கட்டுக்குத் தண்டனை.